பெயரை மறந்துவிட்டுப் பாருங்கள்

கல்லர்விக், நார்தம்பர்லாந்து
9 செப்டம்பர் 1986

மதிப்புக்குரிய திரு. ப்ராஸர் அவர்களுக்கு,

உங்கள் தபால்வழி எழுத்துப் பயிற்சியின் முதல் பாடம் சனிக்கிழமை வந்து சேர்ந்தது. தபால்காரர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "என்ன வின்னி, இந்த வயசுல பள்ளிக்கூடமா?" என்றார். "ஒங்க வயசுல நீங்க இன்னும் சைக்கிள் மிதிக்கலையா? அது மாதிரிதான்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

என்னைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். வயது ஐம்பத்தொன்பது. கணவர் ஆல்ஃபி மீன்பிடித்தவர், போய்ச் சேர்ந்து ஆறு வருடமாகிறது. மகன் ராபியும் மீன்பிடிக்கிறவன்தான். துறைமுகச் சுவரின் நுனியில் ஒரு மரக்குடிசை இருக்கிறது. அதில் உட்கார்ந்து ரேடியோவில் படகுகளோடு பேசுவது என் வேலை. காற்று எப்படி, கடல் ஏற்றமா வற்றமா, மணல்திட்டு எங்கே நகர்ந்திருக்கிறது, எந்தப் பாறைக்கு எந்தப் பக்கமாக உள்ளே வரவேண்டும் என்றெல்லாம் சொல்வேன். எங்கள் துறையில் ஒன்பது படகுகள். பதினேழு வருடத்தில் ஒன்றுகூடப் பாறையில் மோதியதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, நீங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

இத்தனை பேசுகிறவள் எதற்கு எழுத்துப் பாடத்தில் சேர்ந்தாள் என்று உங்களுக்குத் தோன்றலாம். மூளைக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருக்கவேண்டும் என்று ஒரு டாக்டர் வானொலியில் சொன்னார். அதற்கு மேல் காரணம் கேட்காதீர்கள்.

கேட்டபடி பத்து உவமைகள் எழுதி இணைத்திருக்கிறேன். தயவு தாட்சண்யம் பார்க்காமல் திருத்துங்கள்.

உங்கள் மாணவி,
வின்னி டாட்ஸ்


லெஸ்டர்
18 செப்டம்பர் 1986

அன்புள்ள திருமதி டாட்ஸ்,

தயவு பார்க்கவில்லை. பத்தில் எட்டை அடித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

"வெள்ளரிக்காய் போலக் குளிர்ந்த மனம்", "பிடில் போல ஆரோக்கியம்", "கதவில் அடித்த ஆணி போலச் செத்துக் கிடந்தான்". இதையெல்லாம் இந்த நாட்டில் நாம் பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம். யாராவது பிடிலைப் பார்த்துவிட்டு ஆரோக்கியத்தை நினைத்ததுண்டா? கதவு ஆணி எப்போது உயிரோடு இருந்தது? பழகிப்போன உவமையைச் சொல்லும்போது சொல்கிறவரும் எதையும் பார்ப்பதில்லை, கேட்கிறவரும் பார்ப்பதில்லை.

நான் தப்பவிட்ட இரண்டில் ஒன்று, "துறைமேடையில் நிற்கும் கடற்காகங்கள், கல்யாணத்துக்குக் கூப்பிடாத உறவினர்களைப் போல." இதைப் படித்ததும் சிரித்துவிட்டேன். இதுதான் நீங்கள். மற்றதெல்லாம் ஊர் சொல்வது.

ஒரு பயிற்சி சொல்கிறேன். என் மாணவர்கள் எல்லாருக்கும் இதையே சொல்வது வழக்கம். ஒரு பொருளை எடுத்து மேசைமேல் வையுங்கள். அதன் பெயரை மறந்துவிடுங்கள். பெயர் என்பது ஒரு மூடி, திறந்தால்தான் உள்ளே இருப்பது தெரியும். பெயரே இல்லாத ஒரு பொருளை முதல்முறை பார்க்கிறவர் எதைப் போல என்று சொல்வாரோ, அதை எழுதுங்கள்.

அன்புடன்,
ஓவன் ப்ராஸர்


கல்லர்விக்
6 அக்டோபர் 1986

அன்புள்ள திரு. ப்ராஸர்,

கோபம் இல்லை. இரண்டு நாள் இருந்தது, பிறகு போய்விட்டது.

இந்தத் தடவை மூன்று பக்கம் அனுப்புகிறேன். ராபிக்கும் படித்துக் காட்டினேன். ஆல்ஃபியின் கோட்டைப் பற்றி எழுதியிருந்ததை இன்னொரு தடவை படிக்கச் சொன்னான். "கொக்கியில் தொங்கும் கோட்டு, கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் யோசித்துக்கொண்டிருக்கும் ஆளைப் போல." அவ்வளவுதான் எழுதியிருந்தேன். "அம்மா, இத யார் சொல்லிக் குடுத்தா?" என்று கேட்டான். "லெஸ்டர்ல ஒரு பையன்" என்றேன். உங்களுக்கு என்ன வயது என்று தெரியாது. எழுத்தைப் பார்த்தால் பையன் என்றுதான் படுகிறது.

கடலிலிருந்து வந்து ஊரை மூடும் பனிமூட்டம் பற்றியும் எழுதியிருக்கிறேன். பல் பிடுங்குவதற்கு முன் ஊசி போடுவார்களே, அப்போது கன்னத்தைத் தொட்டால் கன்னம் இருப்பது தெரியும், ஆனால் அது நம்முடையதாக இருக்காது. மூட்டத்தில் ஊர் அப்படி இருக்கிறது. இந்த மாதம் மூட்டம் அதிகம். படகுகள் வெளியே இருக்கும்போது அது இறங்கினால் ஒவ்வொரு படகையும் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். முன்பெல்லாம் இப்படி இருந்ததில்லை.

கடைசிப் பக்கத்தில் இருப்பவை சிறியவை: செம்மறியின் கீழ்த்தாடை. மழைக்கு விரிக்கிற காகம். விரலுக்குத் தொப்பி. எவை என்று நீங்களே கண்டுபிடியுங்கள்.

உங்கள் மாணவி,
வின்னி டாட்ஸ்


லெஸ்டர்
15 அக்டோபர் 1986

அன்புள்ள திருமதி டாட்ஸ்,

சீப்பு, குடை, தையல்காரர் விரலில் போடும் உறை. சரிதானே?

முப்பத்துநான்கு வயதுப் பையன்தான் எழுதுகிறேன். ஒன்பது வருடமாகத் தபாலில் பாடம் நடத்துகிறேன். இப்படி ஒரு தாளைக் கையில் பிடித்ததில்லை. மேலிடத்தில் இந்தப் பாடப்பிரிவை மூடிவிடலாமா என்று பேச்சு நடக்கிறது. உங்கள் பக்கங்களை எடுத்துப்போய் அவர்கள் முன்னால் வாசித்தேன். கணக்குப் பிரிவுப் பெரியவர் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வசந்தம் வரை மூடமாட்டார்களாம். அதற்காக உங்களுக்கு நான் நன்றி சொல்லவேண்டும்.

எங்கள் மாணவர் இதழில் இவற்றை வெளியிடக் கொடுத்துவிட்டேன். உங்களைக் கேட்காமல் செய்தது தப்புதான், ஆனால் சந்தோஷத்தில் கை முந்திக்கொண்டது.

ஒரே மாதத்தில் எப்படி இவ்வளவு தூரம் வந்தீர்கள்? மற்ற மாணவர்களுக்குச் சொல்லவேண்டும். எந்த நேரத்தில் எழுதுகிறீர்கள், எப்படிப் பயிற்சி செய்கிறீர்கள் என்று விவரமாக எழுதுங்கள். இன்னும் அனுப்புங்கள், நிறைய அனுப்புங்கள்.

அன்புடன்,
ஓவன்


கல்லர்விக்
9 நவம்பர் 1986

தம்பி ஓவன்,

எப்படி என்று கேட்டாய். இனிமேல் 'நீ' என்றே எழுதுகிறேன், இந்தக் கடிதத்தை மரியாதையோடு எழுத என்னால் முடியாது.

நான் பயிற்சி எதுவும் செய்யவில்லை. வார்த்தைகள் போகின்றன.

சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு கால்மணி நேரம் நின்றேன். அதற்கு என்ன பெயர் என்று வரவில்லை. செம்மறியின் தாடைதான் வந்தது. அதைத்தான் உனக்கு எழுதினேன். உன் கடிதத்தில் 'சீப்பு' என்று பார்த்ததும்தான் எனக்கே ஞாபகம் வந்தது. நீ மறக்கச் சொல்வதற்கு முன்பே, போன வசந்தத்திலேயே இது தொடங்கிவிட்டது. உன் பாடத்தில் சேர்ந்ததே அதனால்தான். எழுத எழுத வார்த்தைகள் திரும்பி வரும் என்று நினைத்தேன்.

ஆனால் உன் பாடம் வேறொரு விதத்தில் உதவியது. கடையில் நின்று, "அந்த... எலிக்கு வீடு கட்டுவாங்களே, அது மாதிரி ஓட்டை ஓட்டையா இருக்குமே, அது அரைக் கிலோ குடுங்க" என்கிறேன். எல்லாரும் சிரிக்கிறார்கள். "வின்னி வீட்டுப்பாடம் பண்றா, சீஸ் குடுங்க அவளுக்கு!" யாருக்கும் சந்தேகமில்லை. நீ அனுப்பிய இதழை ராபி மதுக்கடைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறான். நான் ஒளிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

இப்போது போன செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் துறை வாசலில் மூன்று பாறைகள். மக்கில், ஜென்னி, சாட்டர். (இதை ராபியின் பழைய வரைபடத்தைப் பார்த்து எழுதுகிறேன்.) அந்த வாரப் புயலில் மணல்திட்டு நகர்ந்துவிட்டது. வழக்கமாக ஜென்னியை இடது கைப்பக்கம் விட்டு உள்ளே வருவார்கள். அன்று வலது கைப்பக்கம் விட வேண்டும். ராபி இரண்டு நாள் வெளியே இருந்துவிட்டுத் திரும்புகிறான், அவனுக்கு இது தெரியாது. மத்தியானம் இரண்டு மணிக்கு மூட்டம் இறங்கிவிட்டது.

"கிட்டிவேக் பேசுது. அம்மா, எந்தப் பக்கம்?" என்றான். கிட்டிவேக் அவன் படகு.

மைக்கை அழுத்தினேன். "வலது கைப்பக்கம் விட்டு வா..." என்றேன். எதை? பெயர் இல்லை. நாற்பது வருடமாகத் தினமும் பார்க்கிற பாறை கண்ணுக்குள் நிற்கிறது, பெயர் மட்டும் இல்லை. "அம்மா? எதை?" என்கிறான். பின்னால் எஞ்சின் சத்தம் கேட்கிறது. நான் சொன்னேன்: "பாவாடையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு தண்ணில எறங்குற பொம்பள. அவளை வலது கைப்பக்கம் விட்டு வா."

எஞ்சின் சத்தம் தணிந்தது. பிறகு சிரிப்பு. "ஜென்னியா? சரிதான், அப்படித்தான் நிக்கிறா! ஏம்மா, நான் இங்க உயிரக் கையில புடிச்சிட்டு வரேன், நீ கவிதை பாடுறியா?"

பத்திரமாக உள்ளே வந்துவிட்டான். என்னைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்தான். அவன் மேலெல்லாம் மீன் வாடை. நான் கழிப்பறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டு வாந்தி எடுத்தேன்.

இதை யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் மட்டும் சொல்கிறேன். நீ இருநூறு மைல் தள்ளி இருக்கிறாய், உன் முகத்தை நான் பார்க்க வேண்டியதில்லை. நீயும் யாரிடமும் சொல்லாதே.

வின்னி


லெஸ்டர்
14 நவம்பர் 1986

அன்புள்ள வின்னி அம்மா,

நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

முதலில் மன்னிப்புக் கேட்கிறேன். நீங்கள் உதவிக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள், நான் ஓரத்தில் "அருமை" என்று சிவப்பு மையில் எழுதிக்கொண்டிருந்தேன். உங்கள் பக்கங்களை வைத்து என் வேலையைக் காப்பாற்றிக்கொண்டேன்.

டாக்டரிடம் போங்கள். இந்த வாரமே போங்கள். அதுவரை அந்த மைக்கைத் தொடாதீர்கள். அன்று ராபி. அவனுக்கு ஜென்னியைத் தெரியும், உங்களையும் தெரியும். தெரியாத ஒருவர் வந்தால் என்ன செய்வீர்கள்?

இனி உங்கள் வீட்டுப்பாடத்தைத் திருத்தமாட்டேன். ஒளிந்துகொள்ள இடம் கொடுத்தவன் நான். அந்த இடத்தை மூடுகிறேன். இரண்டு வாரத்தில் நீங்கள் ராபியிடம் சொல்லாவிட்டால் நான் அவனுக்கு எழுதுவேன். கட்டாயம் எழுதுவேன்.

ஓவன்


கல்லர்விக்
20 நவம்பர் 1986

திரு. ப்ராஸர் அவர்களுக்கு,

நம்பிச் சொன்னேன். மிரட்டுகிறீர்கள்.

நீங்கள் யார் எனக்கு? உவமை திருத்துகிறவர். ஒரு நாளாவது கடலில் போயிருக்கிறீர்களா? மூன்று பாறைகளின் பெயரையும் பெரிய எழுத்தில் எழுதி ரேடியோவுக்கு மேலே ஒட்டிவிட்டேன். பன்னிரண்டு நாளாக ஒரு தவறும் இல்லை. வேலை நடக்கிறது.

டாக்டரிடம் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். என் அம்மாவுக்கு ஆனதுதான் ஆகும். கடைசி இரண்டு வருடம் அவளை ஒரு நீளமான கூடத்தில், சன்னலோரம் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். ஞாயிறுதோறும் போவேன். என் பெயரை அவள் சொன்னதே இல்லை. "கை சில்லுன்னு இருக்குமே, அவ வந்துட்டா" என்று நர்ஸிடம் சொல்வாள். நான் வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் கைகளைத் தேய்த்துத் தேய்த்துச் சூடாக்குவேன். அடுத்த வாரமாவது கை சூடாக இருந்தால் பெயர் வருமோ என்று ஒரு நப்பாசை.

எனக்கு அந்த நாற்காலி வேண்டாம். ரேடியோவும் இல்லையென்றால் நான் நேராக அங்கேதான் போகவேண்டும். ராபிக்கு எழுதினால் அதோடு நமக்குள் ஒன்றுமில்லை.

டபிள்யூ. டாட்ஸ்


லெஸ்டர்
27 நவம்பர் 1986

அன்புள்ள வின்னி அம்மா,

ராபிக்கு நான் கடிதம் அனுப்பவில்லை. எழுதி, தபால்தலை ஒட்டி, பெட்டி வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன். இதைச் சொல்லவேண்டியது நீங்கள்தான். நான் சொன்னால் உங்களிடமிருந்து இன்னொன்றையும் பிடுங்கினவனாவேன். இது சரியா தப்பா என்று தெரியவில்லை. தினமும் காலையில் செய்தி கேட்கும்போது வடகடலில் ஏதாவது படகு என்று வருமோ என்று பயந்துகொண்டிருக்கிறேன்.

ஒரே ஒரு பாடம் தருகிறேன், கடைசிப் பாடம். எனக்கு அனுப்ப வேண்டாம். டாக்டரிடம் போனால் முதலில் "எப்படி இருக்கு?" என்றுதான் கேட்பார். "ஞாபக மறதி" என்று நீங்கள் சொன்னால் அவர் தலையாட்டிவிட்டு, வயதானால் அப்படித்தான் என்பார். அந்தச் சொல்லில் யாரும் எதையும் பார்ப்பதில்லை. வார்த்தை போகும்போது எதைப் போல இருக்கிறது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பழகிப்போனது ஒன்றுகூட இருக்கக்கூடாது. உங்களைவிட நன்றாக இதை எழுதக்கூடியவர் இந்த நாட்டில் இல்லை.

அவசரம், வின்னி அம்மா. தயவுசெய்து.

ஓவன்


கல்லர்விக்
16 ஜனவரி 1987

அன்புள்ள தம்பி ஓவன்,

உன் கடிதத்துக்கு ஏழு வாரமாகப் பதில் எழுதவில்லை. நீ பயந்திருப்பாய். கேள்.

டிசம்பர் மூன்றாம் தேதி காலை, மறுபடி மூட்டம். ஸ்காட்லாந்துப் படகு ஒன்று எஞ்சின் கோளாறோடு எங்கள் துறைக்குள் வர வழி கேட்டது. நம்மூர்க்காரர் இல்லை. படகில் நான்கு பேர். "மேடம், பாறைங்க இருக்குன்னு வரைபடம் சொல்லுது, எப்படி வரணும்?" என்றார்.

நிமிர்ந்து பார்த்தேன். மூன்று பெயரும் சுவரில் இருந்தன. மக்கில், ஜென்னி, சாட்டர். எழுத்து தெளிவாக இருந்தது, வாசிக்கவும் முடிந்தது. ஆனால் எது எந்தப் பாறை என்பது போய்விட்டது, தம்பி. மூன்று பெயர் ஒரு பக்கம், மூன்று பாறை ஒரு பக்கம். நான் வாய் திறந்தேன். "பாவாடையைத் தூக்கிப் பிடிச்ச பொம்பள..." என்றேன். "என்னது? பொம்பளயா? எங்க?" என்று கத்துகிறார். அவருக்கு எப்படித் தெரியும்? "மேடம், தண்ணி ஆழம் கொறஞ்சிட்டே வருது. மேடம்!"

எந்தப் பெயரையாவது சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். மூன்றில் ஒன்று சரியாகத்தானே இருக்கும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, ராபியிடம்கூட. மானம் போகக்கூடாது என்பதற்காக நான்கு பேர் உயிரை வைத்துச் சூதாட ஒரு நொடி நான் தயாராக இருந்தேன். நீ கேட்டிருந்தாய் அல்லவா, தெரியாத ஒருவர் வந்தால் என்ன செய்வீர்கள் என்று. அந்தக் கேள்விதான் பெயரைச் சொல்லவிடாமல் என் வாயை மூடியது.

"அங்கேயே நில்லுங்க, நங்கூரத்தப் போடுங்க" என்றேன். அந்த வார்த்தை இருந்தது. பிறகு கதவைத் திறந்து வெளியே ஓடினேன். ராபி துறைமேடையில் வலை தைத்துக்கொண்டிருந்தான். "வாடா, வந்து பேசுடா, எனக்கு வரல, எனக்குப் பேரு வரல!" என்று கத்தினேன். ஊரே திரும்பிப் பார்த்தது. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

ராபி மைக்கை எடுத்துப் பேசினான். நாலே வாக்கியத்தில் அந்தப் படகை உள்ளே கொண்டுவந்துவிட்டான். நான் கதவருகே நின்றேன். பேசி முடித்து மைக்கைக் கீழே வைத்தான். என் பக்கம் திரும்பாமலே, "எவ்வளவு நாளாம்மா?" என்றான். "போன வசந்தத்துலேர்ந்து" என்றேன். "அப்ப அந்தக் கவிதையெல்லாம்..." என்று ஆரம்பித்தான், முடிக்கவில்லை. முப்பது வயது ஆள், நாற்காலியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான். என் நாற்காலியில்.

டாக்டரிடம் போனோம். உன் பாடத்தை எழுதி எடுத்துப்போயிருந்தேன். உனக்கு அனுப்ப வேண்டாம் என்றாய், இருந்தாலும் கொஞ்சம் எழுதுகிறேன். என் சமையலறைக்குள் யாரோ வந்து எல்லாவற்றையும் ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டுப் போவதைப் போல. பழகின கடைக்காரர் அலமாரியைப் பார்த்தபடி, "நேத்து வரைக்கும் இருந்துச்சே" என்று நிற்பதைப் போல. மூட்டத்தில் ஒரு படகைக் கூப்பிடுகிறேன், அது அங்கேதான் இருக்கிறது, எஞ்சின் சத்தம்கூடக் கேட்கிறது, பதில் மட்டும் வரவில்லை, அதைப் போல.

டாக்டர் சின்ன வயதுப் பெண். எழுதிக்கொண்டிருந்தவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். வயதானால் அப்படித்தான் என்று சொல்லவில்லை. நியூகாசிலில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். நிறையப் படம் காட்டி இது என்ன, அது என்ன என்று கேட்டார்கள். பாதிக்கு மேல் வரவில்லை. என்ன நோய் என்று சொன்னார்கள். அதன் பெயரையும் ராபிதான் ஞாபகம் வைத்திருக்கிறான்.

ராபி தன் வீட்டுக்கே என்னைக் கூட்டி வந்துவிட்டான். நாற்காலி இல்லை, கூடம் இல்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறான். அவனால் எவ்வளவு நாள் முடியும் என்று நான் கேட்கவில்லை. குடிசையில் இப்போது ராபியின் மனைவி உட்காருகிறாள். ஒன்பது படகுகளும் வந்துகொண்டும் போய்க்கொண்டும்தான் இருக்கின்றன. நான் இல்லாமலும் நடக்கிறது என்பது முதலில் வலித்தது. இப்போது அதை நினைத்துத்தான் தூங்குகிறேன்.

உன்னை மிரட்டுகிறவன் என்றேன். மறந்துவிடு. எனக்கு எப்படியும் மறந்துவிடும், உனக்குத்தான் முயற்சி தேவை. இந்த மாதிரி நான் விளையாட்டாகப் பேசினால் ராபி முகம் சுண்டிப்போகிறது. அதனால் உன்னிடம் பேசுகிறேன்.

இந்தக் கடிதத்தை ஐந்து நாளாக எழுதுகிறேன். காலையில் எழுதியதைச் சாயங்காலம் படித்தால் யாரோ எனக்கு எழுதியதைப் போல இருக்கிறது. நல்ல நாட்கள் இருக்கின்றன. இன்று நல்ல நாள், அதனால் இன்றே அனுப்பிவிடுகிறேன். பாடம் எதுவும் வேண்டாம், உன் ஊர்ச் செய்தி எழுது, மழையா வெயிலா என்று எழுது, எதையாவது எழுது.

ஒரே ஒரு வேண்டுகோள். எல்லாரும் கடிதத்தின் கீழேதான் பெயர் போடுவோம், வழக்கம் அது. நீ இனிமேல் மேலேயே போடு. முதல் வரியிலேயே, பெரிய எழுத்தில். படித்துக்கொண்டே போய், கடைசி வரி வரும்வரை இது யார் என்று தெரியாமல் இருக்க எனக்குப் பயமாக இருக்கிறது.

வின்னி